சைக்கிளில் இன்ஜின் மாட்டினால் லைசென்ஸ் வேணுமா? வில்லியனூர், பாகூர் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய '25 சிசி' கணக்கு

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சைக்கிள், மருந்தடிக்கும் மெஷினிலிருந்து கழட்டிய சின்ன இன்ஜின், பக்கத்திலேயே ஒரு வெல்டிங் பட்டறை. இந்த மூணும் இருந்தா போதும், வயலுக்குப் போக, சொசைட்டியில் பால் ஊற்ற ஒரு வண்டி ரெடி பண்ணிடலாம் என்று தோன்றும். செய்ய முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வண்டியை ரோட்டில் ஓட்டலாமா, யார் மேலயாவது மோதினால் என்ன ஆகும்? இதற்கான பதில் இன்ஜினின் அளவில்தான் இருக்கிறது. விவரமாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ல் 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. நான்குக்கும் குறைவான சக்கரங்கள், 25 சிசிக்கு மிகாத இன்ஜின் உள்ள வண்டி இந்த விளக்கத்தில் வராது. அதாவது, 25 சிசி வரை இருந்தால் ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ், இன்சூரன்ஸ் என்ற கட்டாயங்கள் கிடையாது. 25-ஐத் தாண்டினால் அது சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம். பெடல் இருக்கு, பார்க்க சைக்கிள் மாதிரி இருக்கு என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

வில்லியனூரில் இருந்து பாகூர் போனால் நடுவில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் வரும். எல்லை மாறினாலும் இந்த விதி மாறாது. இது மத்திய சட்டம்.

சிக்கல் எங்கே வருது?

கிராமத்தில் கைக்குக் கிடைக்கும் சின்ன இன்ஜின்களில் பல இந்த எல்லையைத் தாண்டியவை. உதாரணத்துக்கு, புல் வெட்டும் மெஷின்களில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜின் 35.8 சிசி. அதே குடும்பத்தின் ஜிஎக்ஸ்25 சரியாக 25 சிசி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சட்டப்படி ஒன்று சைக்கிள் பக்கம், இன்னொன்று மோட்டார் சைக்கிள் பக்கம். 43, 52 சிசி மெஷின்களும் கடைகளில் விற்கின்றன. காயலாங்கடையில் கிடைக்கும் பழைய மொபெட் இன்ஜின் என்றால் அது 50 சிசியை ஒட்டி இருக்கும்.

எனவே வாங்கும் முன் இன்ஜின் மேல் உள்ள பிளேட்டில் சிசி எவ்வளவு என்று பாருங்கள். பிளேட் இல்லாத இன்ஜினைத் தொடவே வேண்டாம். பில் இல்லாத மொபெட் இன்ஜினில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

25 சிசிக்கு மேல் என்றால் ரிஜிஸ்டர் பண்ணிடலாமே?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். புது வண்டியைப் பதிவு செய்ய, அந்த மாடல் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேர்வாகியிருக்க வேண்டும். வண்டிக் கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கும் சான்றிதழ் அது. பட்டறையில் செய்த ஒற்றை வண்டிக்கு நடைமுறையில் அது கிடைக்காது. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லையென்றால் இன்சூரன்சும் கிடைக்காது.

ஏற்கெனவே ஆர்.சி. புக் உள்ள பழைய மொபெட்டை மாற்றிக் கட்டுவதும் இதே கதைதான். கம்பெனி கொடுத்த வடிவமைப்பில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

பிடிபட்டால் என்ன தண்டனை?

• ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் ஓட்டினால், பிரிவு 192: முதல் முறை ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை அபராதம்.
• லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், பிரிவு 181: ரூ.5,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
• இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால், பிரிவு 196: முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
• 18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால், பிரிவு 199ஏ: பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம்.

இவை சட்டத்தில் உள்ள அளவுகள். ஸ்பாட்டில் கட்டும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். கடைசியாகச் சொன்னதை வீட்டில் ஸ்கூல் படிக்கும் பையன் ஆர்வமாக வண்டி கட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் கவனிக்கணும்.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து எது?

அபராதம் கட்டினால் முடிந்துவிடும். விபத்து அப்படி இல்லை. இன்சூரன்ஸ் உள்ள பைக் ஒருவர் மேல் மோதினால், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால், கோர்ட் சொல்லும் தொகையை ஓட்டியவரும் உரிமையாளரும் கையில் இருந்து கொடுக்கணும். ஒரு உயிர் போயிருந்தால் அந்தத் தொகை லட்சங்களில் வரும். நிலத்தை விற்கும் நிலை கூட வரலாம்.

'என் வண்டி 25 சிசிக்குள்தான்' என்றாலும் முழு விடுதலை கிடையாது. அலட்சியமாக ஓட்டுவதற்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 எந்த வாகனத்துக்கும் பொருந்தும். அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் பிரிவு 106-ன் கீழ் 5 ஆண்டு வரை சிறை.

இது எப்படி வேலை செய்யுது?

வீட்டில் கட்டும் மோட்டார் சைக்கிளில் இரண்டு வகைதான் அதிகம்.

ரோலர் முறை: இன்ஜின் தண்டில் மாட்டிய சின்ன உருளை, டயர் மேல் அழுத்தி உரசி அதைச் சுற்ற வைக்கும். கட்டுவது சுலபம். ஆனால் டயர் சீக்கிரம் தேயும், மழையில் வழுக்கும்.

செயின் முறை: பின் சக்கரத்தில் கூடுதலாக ஒரு பெரிய பல் சக்கரம் மாட்டி, இன்ஜினில் இருந்து தனிச் செயின் ஓட்டுவது. மழையிலும் இழுக்கும். ஆனால் பல் சக்கரத்தை ஸ்போக்ஸ் கம்பியில் இறுக்கிக் கட்டினால், இழுவை முழுவதும் அந்தக் கம்பிகள் மேல் விழும்.

வேகம் எவ்வளவு வரும்? ஒரு கணக்கு பார்க்கலாம். 3 செ.மீ. விட்டம் உள்ள ரோலர் ஒரு சுற்றுக்கு சுமார் 9.4 செ.மீ. டயரை நகர்த்தும். இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடினால், மணிக்கு கிட்டத்தட்ட 40 கி.மீ. வேகம். 'சின்ன இன்ஜின்தானே' என்று நினைப்பவர்கள் கவனிக்காத இடம் இதுதான்.

சைக்கிள் பிரேக் தாங்குமா?

மிதிக்கும் சைக்கிள் சாதாரணமாக 15 கி.மீ. வேகத்தில் போகும். 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 7 மடங்கு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இது. பிரேக் பிடிக்கணும்னு தோன்றிக் கை போவதற்குள் ஒரு விநாடி ஆனாலும், வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும்.

பழைய கறுப்பு சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும். ரிம் நனைந்தால் பிடிப்பு ரொம்பவே குறைந்துவிடும். மழைக்காலத்தில் கடலூர் சாலையிலோ விழுப்புரம் சாலையிலோ லாரி, பஸ்சுக்கு நடுவில் இந்த பிரேக்கை நம்பிப் போவது உயிரோடு விளையாடுவதுதான்.

இதை முதலில் செய்தது யார்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1946-ல், ஜப்பானில் சொய்சிரோ ஹோண்டா ராணுவம் கழித்துப் போட்ட ரேடியோ ஜெனரேட்டர் இன்ஜின்களை சைக்கிளில் மாட்டி விற்றார். ஆரம்பத்தில் வெந்நீர்ப் புட்டியைத்தான் பெட்ரோல் டேங்க்காக வைத்துப் பார்த்தார். அதே 1946-ல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பிரான்ஸில் முன் சக்கரத்தை ரோலரால் ஓட்டும் வெலோசோலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் 1972-ல் லூனா, 1980-ல் டிவிஎஸ் 50 என்று மொபெட்கள் வந்தன. ஹோண்டாவும் 1949-ல் சொந்த ஃபிரேமோடு கூடிய டி-டைப் பைக்குக்கு மாறிவிட்டார்.

பேட்டரி வைத்தால் பிரச்னை தீருமா?

ஓரளவுக்குத் தீரும். 2021-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு விவசாயி, பழைய சைக்கிளை சுமார் 20,000 ரூபாய் செலவில் எலெக்ட்ரிக் சைக்கிளாக மாற்றியது செய்தியானது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் பவர் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, நல்ல பிரேக்கும் ரிஃப்ளெக்டரும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. இதைச் சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கு. அதனால் கிட் வாங்கும்போது கடைக்காரரிடம் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு முறை சார்ஜ் ஆக அரை யூனிட் மின்சாரம் கூட ஆகாது.

கட்டியே ஆகணும்னா, இதைச் சரிபாருங்க

• இன்ஜின் 25 சிசிக்குள் இருக்கணும். பில்லும் பிளேட்டும் கையில் இருக்கணும்.
• முன், பின் இரண்டிலும் பிரேக் வேலை செய்யணும். முடிந்தால் அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள்.
• கைக்கு எட்டும் தூரத்தில் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருக்கணும்.
• பெட்ரோல் டேங்க் சைலன்சரில் இருந்து தள்ளி இருக்கணும். டியூப் கசிவைத் தினமும் பாருங்கள்.
• அதிர்வில் நட்டு கழலும். லாக் நட் போடுங்கள்.
• ஃபிரேமின் மெல்லிய குழாயில் வெல்டிங் வைக்காமல், கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.
• ஹெல்மெட், முன் லைட், பின் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேணும்.
• ஓட்டம் வயல்வெளி, ஊர்த் தெருவோடு நிற்கட்டும். மெயின் ரோடு வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால்: 25 சிசிக்குள், வேகம் குறைவாக, பிரேக் சரியாக இருந்தால் அது உங்கள் சைக்கிள். அதைத் தாண்டினால் அது நம்பர் பிளேட்டும் இன்சூரன்சும் வாங்கவே முடியாத ஒரு மோட்டார் பைக். அதற்கு ஆகும் காசில், பேப்பர் சரியாக உள்ள ஒரு பழைய மொபெட்டைப் பெயர் மாற்றி வாங்குவதே புத்திசாலித்தனம்.