வட்டிலப்பம் யாருடையது? தோஹாவில் ஒரு பெருநாள் இரவும் கொஞ்சம் வரலாறும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன நோன்புப் பெருநாளன்று நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றியது. வட்டிலப்பம் என்பது ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அரபு வணிகர்கள் நமக்குக் கொண்டுவந்து தந்த உணவு என்று, ஒட்டகம், பாய்மரக் கப்பல் படங்களோடு. பெருநாளும் அதுவுமாக யாரோடும் வாதாட வேண்டாம் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாடசாலை தொடங்கியதும் பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை எழும்பி அதையே கேட்டாள். "சேர், வட்டிலப்பம் அரபு நாட்டுச் சாப்பாடா?"

வட்டிலப்பத்துக்கு என்னென்ன போடுவார்கள் என்று வகுப்பிடமே கேட்டேன். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய், சாதிக்காய் என்று வந்தது. இதில் எது பாலைவனத்தில் விளைகிறது என்று கேட்டேன். சிரித்தார்கள். (ஓமானில் ஸலாலா பக்கம் தென்னை உண்டு. கித்துள் இல்லை.) மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இந்த விடயத்தை நான் முதலில் படித்தது புத்தகத்தில் இல்லை. கட்டாரில், ஒரு பெருநாள் இரவில்.

உயர்தரம் எழுதிவிட்டு, கல்வியியற் கல்லூரிக்குப் போகமுன்னர், இரண்டு வருடம் தோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் கணக்கெழுதுகிற வேலை செய்தேன். சனையா பக்கம் தங்குமிடம். ஒரு அறைக்கு ஆறு பேர். 2010 நோன்புப் பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் தொழுதுவிட்டு வந்து படுத்தால் அறை முழுக்க ஒரே அமைதி. சிலர் போனில் வீட்டோடு பேசினார்கள், சிலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். பெருநாளன்று வீடு இல்லாதவன் என்ன செய்வான்? தூங்குவான். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இரவைக்கு நானே ஒரு விருந்து வைப்பதென்று முடிவெடுத்தேன். அதுவரை நான் சமைத்தது முட்டைப் பொரியலும் பருப்பும்தான்.

சாச்சிக்கு எடுத்தேன். உம்மாவின் தங்கச்சி. எங்கள் வீட்டில் வட்டிலப்பம் என்றால் அவருடைய கைதான். கருப்பட்டி எவ்வளவு, முட்டை எத்தனை என்று சொன்னார். பாலை மூன்று தரம் வடிகட்டச் சொன்னார். மூடியிலிருந்து ஆவித்தண்ணி சொட்டாமல் சீலை கட்டி அவிக்க வேண்டும், சொட்டினால் மேலெல்லாம் குழி விழுந்துவிடும் என்றார். தேங்காய்ப்பால் மா கடையில் கிடைத்தது. கருப்பட்டிதான் பிரச்சினை. லீவில் போய் வந்த ஒரு நானாவிடம் ஒரு கட்டிதான் மிச்சமிருந்தது. மீதிக்கு பேரீச்சம் பாணி ஊற்றினேன். சாச்சிக்கு அதைச் சொல்லவில்லை.

சோறும் கோழியும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சஹன்தான் இல்லை. பெருநாள் சோற்றைத் தனித்தனித் தட்டில் போட்டுச் சாப்பிட மனம் வரவில்லை. பக்கத்தில் யெமன்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. எனக்கு அரபு அரைகுறை. என்றாலும் இந்தச் சொல்லாவது நம்முடைய சொல்தானே என்று நிமிர்ந்து நின்று "ஸஹன்" என்று கேட்டேன். மனுசன் உள்ளே போய் சின்னத் தட்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அங்கே ஸஹன் என்றால் வெறும் தட்டு. நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டியதும்தான் விளங்கியது. "ஆ, ஸீனிய்யா" என்று சிரித்துக்கொண்டே பெரிய தாம்பாளத்தைத் தந்தார். சொல் அரபிதான், சந்தேகமில்லை. கடலைக் கடந்து வந்து நம்மிடம் இருந்த காலத்தில் அது ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற அளவுக்குப் பெருத்துவிட்டது.

வந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் அறைக்காரர்களோடு, குருநாகலில் இருந்து வந்திருந்த ஒரு சிங்கள நண்பர், மட்டக்களப்புத் தமிழ் நண்பர் ஒருவர், ஹம்பாந்தோட்டையைச் சேர்ந்த வயதான மலாய் சாரதி ஒருவர், எங்கள் களஞ்சியத்தில் வேலை செய்த இந்தோனேசியர் ஒருவர். கடைசியாக வட்டிலப்பத்தை வைத்தேன். நடுவில் கொஞ்சம் இறங்கி, குழி விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை. இந்தோனேசியர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அப்படியே நிறுத்தினார்.

"ஸ்ரீகாயா," என்றார்.

அவருடைய ஊரில், ஜாவாவில், அவருடைய உம்மா அவிப்பதாம். தேங்காய்ப்பால், முட்டை, பனைச்சீனி. நீங்கள் எங்கே இதைப் படித்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மலாய் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிறைய நாள் பேசாத ஒரு பாஷையில், தட்டுத்தடுமாறி அவரோடு பேசத் தொடங்கினார்.

இனி வரலாறு.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையிடம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே தங்களுக்குத் தொல்லை தந்த அரசர்கள், இளவரசர்கள், உலமாக்களை நாடுகடத்துவதற்கு அவர்களுக்கு இரண்டு வசதியான இடங்கள் இருந்தன. ஒன்று இலங்கை, மற்றது தென்னாபிரிக்காவின் கேப். ஜாவாவின் மாத்தறாம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708 இல் பிடிபட்டு இங்கே அனுப்பப்பட்டார். இங்கேயே மரணித்தார். அரசர்கள் ஒரு கைப்பிடி. அவர்களுக்குப் பின்னால் வந்த சிப்பாய்கள், கைதிகள், அடிமைகள்தான் பெருங்கூட்டம். ஜாவா, மக்காஸார், அம்போன் என்று பல தீவுகள், பல பாஷைகள். அவர்களை ஒன்றுசேர்த்தது மலாய் மொழியும் இஸ்லாமும்.

இவர்களில் ஒருவரைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டும். ஒராபி பாஷாவை நம் எல்லோருக்கும் தெரியும். எகிப்திலிருந்து 1883 இல் நாடுகடத்தப்பட்டு வந்தார், ஸாஹிராவின் தொடக்கத்துக்குத் துணை நின்றார், கண்டியில் அவர் இருந்த வீடு இன்று நூதனசாலை. நல்லது, தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்பே இதே மண்ணில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த ஷெய்க் யூசுஃப் அல்-மக்காஸாரியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரி போகும்வரை எனக்கும் தெரியாது.

மக்காஸாரில் 1626 இல் பிறந்தவர். இளம் வயதில் வீட்டை விட்டுப் போய் யெமன், மக்கா, மதீனா, டமஸ்கஸ் என்று ஓதியவர். திரும்பி வந்து பாந்தன் சுல்தானோடு சேர்ந்து ஒல்லாந்தருக்கு எதிராகப் போராடினார். 1683 இல் பிடிபட்டார். 1684 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது வயது ஐம்பத்தெட்டு.

அந்தக் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிற கப்பல்கள் இலங்கையில் தங்கிப் போகும். ஹாஜிமார் இறங்கி ஷெய்கைத் தேடி வந்தார்கள். அவரிடம் ஓதினார்கள். அவர் எழுதிய கிதாபுகளையும் கடிதங்களையும் ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். அவருடைய கிதாபுகளில் ஒன்றின் பெயரிலேயே ஸைலான், அதாவது நம்ம நாடு, இருக்கிறது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு மனிதர், தன்னுடைய ஊர்க்காரர் வந்து இருந்து போகிற இடமொன்றை இங்கே உண்டாக்கிக்கொண்டார். ஒல்லாந்தருக்குப் பயம் பிடித்தது அதில்தான். வாளில்லாத கிழவர், ஆனால் வருகிற விருந்தாளிகளை நிறுத்த முடியவில்லை. 1694 இல் அவரை இன்னும் தூரத்துக்கு, ஹாஜிமாரின் கப்பல் போகாத கேப்புக்கு அனுப்பினார்கள். அவரும் குடும்பமும் மாணவர்களுமாக 49 பேர். 1699 இல் அங்கேயே வஃபாத்தானார். கேப் முஸ்லிம்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே பெருநாளுக்கு "லபராங்" என்று சொல்வார்கள். நம்ம மலாயரின் வாயில் அது "லெபரான்". ஒரே கம்பனி இரண்டு கரைகளில் கொண்டுபோய்க் கொட்டிய ஒரே சனம்.

இங்கே தங்கியவர்கள் கொழும்பு கொம்பனித்தெரு, கண்டி, ஹம்பாந்தோட்டை, கிரிந்தை என்று பரவினார்கள். ஆங்கிலேயர் வந்ததும் அவர்களைத் தங்கள் படையில் சேர்த்தார்கள். 1873 இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட, பொலிஸ், தோட்டம் என்று வேறு வேலைகளுக்குப் போனார்கள். 1869 இல் கொழும்பிலிருந்து "அலாமத் லங்காபுரி" என்று ஒரு மலாய்ப் பத்திரிகையை, அரபு எழுத்தில், பாபா யூனுஸ் ஸல்தீன் நடத்தினார். நாம் அரபுத் தமிழ் எழுதிய மாதிரி அவர்கள் அரபு எழுத்தில் மலாய் எழுதினார்கள். நமக்கும் அவர்களுக்கும் பள்ளி ஒன்று, மத்ஹபும் ஒன்று, ஷாபிஈ. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். ஒரு உணவு ஒரு குசினியிலிருந்து மற்றக் குசினிக்குப் போக இதைவிட என்ன வழி வேண்டும்?

ஜாவாவின் பனைச்சீனி இங்கே கித்துள் கருப்பட்டியாக மாறியது. பெயர் நம்முடைய பெயர்: வட்டிலில் வைத்து அவித்த அப்பம். கீழக்கரை, காயல்பட்டினத்திலும் இதே பெயரில் இதைச் செய்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம சொந்தங்கள்தானே. தொதலும் அப்படித்தான், மலாயில் டோடோல். சம்பல் என்ற சொல் மலாய். நாம் உடுக்கிற சாரன்கூட மலாய்ச் சொல். பெருநாள் காலையில் சாரனை உடுத்து, வட்டிலப்பமும் தொதலும் தின்று, பகல் சோற்றோடு சம்பலும் வைத்துக்கொண்டு, எல்லாம் அரபியிலிருந்து வந்தது என்று செய்தி அனுப்புகிறோம்.

அரபு வணிகர்கள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தார்கள், நிறையத் தந்தார்கள். ஆனால் நம்முடைய எல்லாவற்றையும் அந்த ஒரு திசையிலிருந்து மட்டும் கொண்டுவந்து காட்டும்போது, கிழக்கிலிருந்து சங்கிலியோடு வந்தவர்களை மறந்துபோகிறோம். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் மலாயர் ஏறக்குறைய 44 ஆயிரம் பேர்தான். அவர்களுடைய பாஷை இங்கேயே இருந்து இருந்து நம்ம பாஷையின் அமைப்பைப் பிடித்துவிட்டது. சொல் மலாய், வினைச்சொல் கடைசியில் வருகிற அடுக்கு தமிழைப் போல. அதனால்தான் அன்றிரவு மாமா பேசியது அந்த இந்தோனேசியருக்குப் பாதிதான் விளங்கியது. எண்கள் விளங்கின. சாப்பாட்டுப் பெயர்கள் விளங்கின. உம்மா, வாப்பா, வீடு விளங்கின. மற்றதைக் கையால் பேசிக்கொண்டார்கள். தன்னுடைய பிள்ளைகள் யாருக்கும் இது வராது, எங்களோடு இது முடிந்தது என்று மாமா என்னிடம் தமிழில் சொன்னார். கோபமில்லை அவருக்கு. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பேரீச்சம் பாணியை ஒளித்துவைக்க முடியவில்லை. மாமா கண்டுபிடித்துவிட்டார். "பரவாயில்ல தம்பி," என்றார். "நம்ம ஆக்களுக்கும் இங்க வந்தப்ப ஜாவாச் சீனி கிடைக்கல்லதானே."

இரவு இரண்டு மணிக்குத் தாம்பாளத்தைக் கழுவிவிட்டு சாச்சிக்கு எடுத்தேன். அவர் முழித்துக்கொண்டிருந்தார்.

சாச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளிலிருந்து நம்ம ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் போன அதே வழியில் அவரும் ரியாத்துக்குப் போனவர். வீட்டு வேலை. பதினொரு வருடம், இருபத்திரண்டு பெருநாள். அந்த இருபத்திரண்டிலும் அவர் சமைத்தார். பெரிய பெரிய தாம்பாளங்கள், அவருக்குத் தெரியாத விருந்தாளிகள். வட்டிலப்பம் ஒருநாளும் செய்யவில்லை. யாருக்குச் செய்வது?

எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். எட்டு என்றேன். எல்லோரும் சாப்பிட்டார்களா என்றார். வழித்துத் தின்றார்கள் என்றேன். குழி விழுந்ததா என்றார். விழுந்தது என்றேன். சிரித்தார்.

பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீயும் அவங்களோட ஒண்டா இருந்து தின்டியா மனெ?" என்று கேட்டார்.

"ஓம் சாச்சி," என்றேன்.