டியேகோவின் மகன்கள்

போர்ட் பிளேர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1984இல் ராஞ்சி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதும் அதன் எல்லைக்குள் அடங்கும். முதல் ஆயராக 2019 வரை பொறுப்பு வகித்தவர் அலெக்ஸ் டயஸ். கோவாவில் தோன்றிய பிலார் சபையைச் சேர்ந்தவர். 2021இல் அவருக்கு அடுத்து வந்தவர் விசுவாசம் செல்வராஜ். பின்னவர் பெயரைத் தமிழர் யாரும் விளக்கக் கேட்கமாட்டார்கள். முன்னவர் பெயரிலுள்ள ‘டயஸ்’ என்ன சொல்?

டயஸ் என்றால் டியோகோவின் மகன். ஐபீரிய நாடுகளில் இடைக்காலத்தில் தகப்பன் பெயரின் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒலியைச் சேர்த்து மகனைக் குறித்தார்கள். ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ், ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ். நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிற மாதிரிதான். ஆனால் நம் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடையது நாளடைவில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்த பார்த்தலோமியோ டயஸின் பெயரிலும் இருப்பது இதே டியோகோதான். போர்ச்சுகீசியத்தில் டியோகோ, ஸ்பானியத்தில் டியேகோ.

சரி, டியேகோ எங்கிருந்து வந்தது? பலரும் சொல்லும் கதை இது. இயேசுவின் சீடர் யாக்கோபின் பெயர் லத்தீனில் யாக்கோபுஸ் ஆகி, ஐபீரியாவில் ‘யாகோ’ என்று தேய்ந்தது. முன்னால் புனிதரைக் குறிக்கும் ‘சாந்த்’ சேர்ந்து சாந்தியாகோ. அதைத் தவறாக ‘சான் + தியாகோ’ என்று பிரித்ததில் தியாகோ என்ற புதுப் பெயர் பிறந்தது. இதுவரை சரி. அந்தத் தியாகோவே டியேகோ ஆனது என்பதில்தான் இடிக்கிறது. பழைய லத்தீன் ஆவணங்கள் டியேகோவை யாக்கோபுஸ் என்று எழுதவில்லை. ‘திதாக்குஸ்’ என்றே எழுதின. 1463இல் இறந்த அல்காலா நகரத்துப் புனித டியேகோவுக்கும் லத்தீன் பெயர் திதாக்குஸ்தான். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரம் அவர் பெயரைத் தாங்கியது. திதாக்குஸுக்கு மூலம் ‘போதனை’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் என்பார் சிலர். ரோமானியருக்கு முந்தைய ஐபீரியச் சொல் என்பார் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் போர்ச்சுகீசியத்தில் தியாகோவும் டியோகோவும் இன்றுவரை இரண்டு தனிப் பெயர்களாகவே புழங்குகின்றன. திதாக்குஸ் பக்கமே சான்று கனமாக இருக்கிறது.

தமிழ்க் கடற்கரையில் கால் வைத்தது சாந்தியாகோதான். போர்ச்சுகீசியர் வழியாக வந்து நம் வாயில் சந்தியாகு ஆனார். மரியாதை கூடிச் சந்தியாகப்பர் ஆனார். ஐபீரியர் தப்பாக வெட்டிய சொல்லைத் தமிழர் சரியான இடத்தில் வெட்டினார்கள்: ‘சந்த்’ போனதும் மிஞ்சியது யாகப்பர். இராயப்பர், சின்னப்பர் என்ற புனிதர்களின் வரிசையில் அவரும் ஓர் அப்பர். யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாகப்பர் ஆலயம், ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் ஆலயம். வேர்க்காட்டில் ஜூலை 25 திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் சேரும். ஐபீரியாவில் இவரை வெள்ளைக் குதிரை மேல், ஓங்கிய வாளோடு வரைவார்கள். ஊர் எல்லையில் அய்யனாரைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அந்தக் கோலம் அந்நியமாக இருந்திருக்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தியாகராஜனைச் சுருக்கி அழைக்கும் ‘தியாகு’வுக்கும் ஐபீரியத் தியாகோவுக்கும் எந்த உறவும் இல்லை. காதுக்கு ஒன்றாகக் கேட்பதை வைத்துச் சொல்லாராய்ச்சி செய்யக் கூடாது.

டியேகோவும் பிறகு தமிழர் வாழ்வுக்குள் நுழைந்தது, துயரத்தோடு. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் படகேறிய இலங்கைத் தமிழர்கள் நடுக்கடலில் தத்தளித்து, டியேகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்டார்கள். ராணுவத் தளமுள்ள அந்தத் தீவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடாரங்களில் கிடந்தார்கள். பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டது 2024 டிசம்பரில்தான்.

சந்தியாகு, டயஸ், பர்னாந்து என்று பெயர் தாங்கிய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெயர்களைத் தமிழ் எப்படியெல்லாம் எழுதிப் பார்த்தது என்பதற்குப் பங்குக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் போல வேறு சாட்சி கிடையாது. கரையான் முந்திக்கொள்வதற்குள் உங்கள் ஊர்ப் பதிவேட்டைப் படமெடுத்து வைக்கப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.