கடல் வழியே வந்த கிறிஸ்மஸ்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும் நாள்களில், மறைக்கல்விக்கு வரும் குழந்தைகள் குடில் கட்டும் வேலையைத் தொடங்கிவிடுவர். களிமண் வரும், வைக்கோல் வரும், சவுக்குக் கிளைகள் வரும். எல்லாம் முடிந்த பிறகு, மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சுச் சுருளைப் பிரித்து ஒருவன் கூரையின்மேல் பரப்புவான். அதுதான் வெண்பனி. வெண்பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள், அது இல்லாமல் கிறிஸ்மஸ் நிறைவுறாது என்று உறுதியாக நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கையில் எனக்கும் பங்குண்டு. ஓர் ஆண்டு, உலக நாடுகளில் கிறிஸ்து பிறப்பு விழா எவ்வாறு கொண்டாடப்படுகிறது என்று படங்களைக் காட்டிப் பாடம் நடத்தினேன். ஜெர்மனியின் ஊசியிலை மரம், கலைமான்கள் இழுக்கும் வண்டி, பனி மூடிய கோபுரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது, கோட்டைக்குப்பத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஃபாதர், இந்த ஊருங்கள்ல எல்லாம் மீன் பிடிக்கிறவங்களே கிடையாதா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இரவில் அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. விழா என்பது எங்கோ, யாருக்கோ உரியது. நாம் பஞ்சை ஒட்டி அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம் என்றுதானே அக்குழந்தை என் பாடத்திலிருந்து கற்றிருக்கிறாள்? அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

கோட்டைக்குப்பத்தின் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே எழுப்பிய ஜெல்டிரியா கோட்டையின் எச்சங்கள் இன்று முட்புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. அவர்களுக்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்த்துக்கீசியர் இத்துறைக்கு வந்துவிட்டனர். இங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டு என்று ஆலய மரபு குறிக்கிறது. ஆகவே உலகத்தின் கிறிஸ்மஸைத் தேடி நம் குழந்தைகள் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. அது கப்பலேறி இக்கரைக்கே வந்திருக்கிறது.

போர்த்துக்கல் நாட்டில் கிறிஸ்மஸ் முந்தின இரவு உணவு இன்றளவும் மீன் உணவுதான். அதுவும் பச்சை மீனன்று. உப்பிட்டு உலர்த்திய காட் என்னும் மீன், அதாவது கருவாடு. பெருவிழாவுக்கு முந்தின நாளில் இறைச்சி விலக்கி ஒருசந்தி இருப்பது பழைய திருச்சபை ஒழுங்கு. அதனால் தொலைவான வடக்கு அட்லாண்டிக் கடலில் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவந்த மீன் அந்நாட்டாரின் திருவிழாப் பந்தியில் முதலிடம் பெற்றது. இத்தாலியிலும் அவ்விரவில் மீன்தான். போலந்தில் கெண்டையினத்து மீன். கருவாட்டு வாடையை நகரத்துப் பள்ளியில் மறைக்க முயலும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பைப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவுத் திருப்பலியைப் போர்த்துக்கீசியர் 'சேவல் திருப்பலி' என்று அழைக்கின்றனர். மீட்பர் பிறந்த நள்ளிரவில் சேவல் கூவி அறிவித்தது என்பது அவர்களின் பழங்கதை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் விழாவுக்கு முன் ஒன்பது நாள்கள் விடியுமுன்பே திருப்பலி நடக்கிறது. வயலுக்குச் செல்லும் உழவர்கள் வேலைக்கு முன் கலந்துகொள்ளட்டும் என்று அவ்வழக்கம் ஏற்பட்டது. இருட்டில் கோவிலுக்கு வருவோர் கையில் பிடித்த விளக்குதான், மூங்கிலும் காகிதமும் கொண்டு அவர்கள் செய்யும் புகழ்பெற்ற விண்மீன் விளக்காக வளர்ந்தது. முதற்சாமத்தில் எழுந்து வலை தூக்கும் குடும்பத்துக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

இனிக் கிறிஸ்மஸ் தாத்தாவிடம் வருவோம். பஞ்சுத் தாடியும் சிவப்பு அங்கியுமாகக் குழந்தைகள் அறிந்த இவருடைய மூலவர், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டுக் கடற்கரை நகரான மீராவின் ஆயராயிருந்த புனித நிக்கோலாஸ். அவர் பனிநாட்டவர் அல்லர், மத்தியதரைக் கடலோரத்தவர். புயலில் சிக்கிய மாலுமிகள் அவரை அழைத்தனர். கிழக்கிலும் மேற்கிலும் கடலோடிகள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். 1087இல் அவருடைய எலும்புகளை இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு சென்றவர்களும் மாலுமிகளே. கப்பல் தொழிலால் வளர்ந்த ஆம்ஸ்டர்டாம் நகரம் அவரையே பாதுகாவலராக ஏற்றது. டச்சுக் குழந்தைகள் டிசம்பர் 5ஆம் நாள் இரவு தங்கள் காலணிகளை அடுப்பருகே வைத்து அவருடைய பரிசுக்குக் காத்திருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த சபையைச் சார்ந்த நகர ஆட்சியாளர் சிலர் இவ்வழக்கத்தைத் தடுக்க முயன்றும், மக்கள் அதைக் கைவிடவில்லை. டச்சுக்காரர் குடியேறிய நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் அந்த மரபை எடுத்துப் புனைந்தனர். 1823இல் வெளியான ஒரு கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைப் பூட்டியது. கடலோரத்து ஆயர் பனிநாட்டுத் தாத்தா ஆன கதை இதுவே.

நிக்கோலாஸைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று மூன்று பெண்பிள்ளைகளின் கதை. வறுமையுற்ற தகப்பன் ஒருவன் தன் மூன்று மகள்களையும் விற்றுவிட எண்ணினான். அதையறிந்த நிக்கோலாஸ் இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்புகளைப் பலகணி வழியே எறிந்து அவர்களைக் காத்தார் என்பது மரபு. இரவில் இரகசியமாக வரும் பரிசுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அது விளையாட்டுப் பொருளன்று. விற்கப்படவிருந்த குழந்தையின் விடுதலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் நம் கோட்டைக்கு வர வேண்டும். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகக் குழுமத்துக்குத் தலைமை பழவேற்காடுதான். இங்கிருந்து நெசவுத் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றதைப் பெருமையோடு பேசுகிறோம். அதே கப்பல்களில் மனிதரும் சென்றனர். 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாக ஏற்றி அனுப்பப்பட்டனர். பஞ்ச காலங்களில், உயிர் பிழைக்கட்டும் என்று பெற்றோரே விற்ற பிள்ளைகளும் இந்த வாணிகத்தில் சிக்கினர். பிடித்துக் கொடுத்துப் பணம் பெற்ற தரகர்கள் நம் நாட்டவரே. கத்தோலிக்கரான போர்த்துக்கீசியரும் இவ்வகையில் கறையற்றவர் அல்லர். விற்கப்படும் குழந்தைகளைக் காத்த புனிதரைக் கொண்டாடிய ஒரு மக்கள், இக்கரையில் குழந்தைகளை விலைக்கு வாங்கினர்.

இதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா என்று நெடுநாள் தயங்கினேன். இறுதியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் அழவில்லை, "அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் பொன்முடிப்பு வீசலையா?" என்று ஒருவன் கேட்டான். வழக்கத்தை மட்டும் காட்டிவிட்டு அதன் உட்பொருளை மறைத்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திராது. பரிசை எதிர்பார்க்கும் குழந்தையாக மட்டும் இல்லாமல், பரிசு சேராத குழந்தையை நினைக்கும் குழந்தையாகவும் அவன் அன்று இருந்தான்.

குடிலைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், கிரேச்சோ என்னும் மலைச் சிற்றூரில் முதன்முதலாக இவ்வழக்கத்துக்கு உயிர் கொடுத்தபோது, பெத்லகேமிலிருந்து எதையும் வரவழைக்கவில்லை. அவ்வூரின் வைக்கோல், அவ்வூரின் மாடு, அவ்வூரின் கழுதை இவற்றையே கொண்டு, அவ்வூரார் சூழ நிற்கத் திருப்பலி நடந்தது. இறைமகன் இங்கேயும் பிறக்கிறார் என்பதைக் கண்முன் நிறுத்துவதே அவர் கருத்து. அப்படியானால் நம் ஊர்க் குடிலில் படகு ஏன் இல்லை?

மறு ஆண்டு பிள்ளைகளிடம் பஞ்சைத் தடுக்கவில்லை. இக்கேள்வியை மட்டும் கேட்டேன். அவர்களே பழைய வலைத்துண்டைக் கொண்டுவந்து கூரையாக வேய்ந்தனர். தீவனத்தொட்டிக்குப் பதிலாக மீன்கூடை வந்தது. இடையர்களுக்குப் பக்கத்தில் இரண்டு படகுகள் நின்றன. எந்த வலை எந்த இடத்தில், எந்த நாளில் என்று சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' முறை இந்த ஏரிக்கு உண்டு. தன் முறைக்காக இரவில் விழித்திருக்கும் தகப்பனைக் கண்ட பிள்ளைக்கு, இரவெல்லாம் கிடையைக் காத்திருந்த இடையர் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

இக்கரையில் கிறிஸ்மஸ் பேசுவோர் 2004ஆம் ஆண்டைத் தாண்டிச் செல்ல இயலாது. டிசம்பர் 26 அன்று ஞாயிறு, திருக்குடும்பப் பெருவிழா. அன்றைய நற்செய்தி, ஏரோதுக்குத் தப்பி யோசேப்பு குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி. அதே காலையில் நம் கடற்கரை நெடுகிலும் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். எல்லாருடைய கையிலும் குழந்தை தங்கவில்லை. வீடுகளின்முன் முந்தின நாள் ஏற்றிய விண்மீன்கள் தொங்கிக்கொண்டிருக்க, அந்த விழா துக்கமாயிற்று. அதன்பின் பிறந்த பிள்ளைகள்தாம் இன்று குடில் கட்டுகின்றனர்.

போலந்து நாட்டார் கிறிஸ்மஸ் முந்தின இரவில் வானில் முதல் விண்மீன் தோன்றிய பிறகே பந்தியில் அமர்வர். பந்தியில் எப்போதும் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைப்பர். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கு அது. போர்த்துக்கல்லின் சில பகுதிகளில் அந்த இடம் இறந்துபோன உறவினருக்கு உரியது. என் பாடத்தில் இப்போது முதலில் சொல்லுவது இதைத்தான். காரணம், இதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. கடலுக்குச் சென்றவர் வரும்வரை சோற்றை மூடிவைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் இக்குழந்தைகள்.

ஆகவே பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலகத்தின் வழக்கங்களைக் குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பொருட்காட்சியைப்போல் காட்டிவிட்டு நகராதீர்கள். இதைச் செய்தவர்கள் என்ன தொழில் செய்தனர், எதற்கு அஞ்சினர், யாருக்காகக் காத்திருந்தனர் என்று கேளுங்கள். அந்த விடைகளில் தம் வீட்டைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

சென்ற ஆண்டும் கூரையில் கொஞ்சம் பஞ்சு இருந்தது. என்ன இது என்று கேட்டேன். கட்டிய சிறுமி தயங்காமல் சொன்னாள்: "நுரை, ஃபாதர். அலை நுரை."