முதல் பக்கத்தில் பெயர் உள்ள விவசாயி



போன வாரம் இங்கே காலைக் கூட்டத்தைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் சாமி பாட்டுப் பாடலாமா கூடாதா என்று நம் பிள்ளைகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதியிருந்தீர்கள். சிலர் என்னையும் பெயர் சொல்லி இழுத்திருந்தீர்கள். நான் ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்க விவசாயி. கொஞ்சம் நீளம்தான், காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பெயர் டேனியல் ஃப்ரீமன். 1826-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து இல்லினாயில் வளர்ந்தவர். மருத்துவமும் படித்தவர். ஆனால் அந்த நாட்டில் அவரைத் தெரிந்தவர்களுக்கு வைத்தியராகத் தெரியாது. அரசாங்கம் குடியானவர்களுக்கு நிலம் கொடுத்தபோது விண்ணப்ப எண் 1, சான்றிதழ் எண் 1 இரண்டும் அவருக்குத்தான். அப்படித்தான் தெரியும்.

அந்தச் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார். 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் கேட்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்டினால் நிலம் சொந்தம். கல்யாணமாகாத பெண்களும் கணவனை இழந்தவர்களும் கேட்கலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால், அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 ஜனவரி 1. அடிமை விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்ததும் அதே நாள்தான். என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு இந்தத் தேதி நினைவிருக்க வேண்டும்!

சும்மா கிடந்த பூமியைக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ரீமன் கேட்ட நெப்ராஸ்கா பகுதி ஓட்டோ-மிசௌரியா மக்கள் வாழ்ந்த நிலம். 1854-ல் ஒரு ஒப்பந்தம் போட்டு, அவர்களைப் பிக் ப்ளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுக்கினார்கள். 1881-ல் அதுவும் போய், இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் 160 ஏக்கரைச் சொன்னால் பாதி வரலாறுதான் சொன்னதாக ஆகும்.

ஃப்ரீமன் பத்திரம் பதிந்தது மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள பிரௌன்வில் என்ற ஊரில். தாம் ராணுவ வேலையாக மறுநாளே ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது, புத்தாண்டு விருந்தில் நில அலுவலகத்து ஆளைப் பிடித்துக் கெஞ்சி, நள்ளிரவு 12 மணி தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்கவைத்துப் பதிந்தேன் என்பது அவர் சொல்லிவந்த கதை. வரலாற்றாசிரியர்கள் இதை முழுசாக ஏற்பதில்லை. அன்று ஒரே நாளில் நாட்டின் பல ஊர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் முதல் என்று சொல்லிக்கொண்டவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் மற்றவர்களிடம் கதை இருந்தது, இவரிடம் எண் 1 போட்ட காகிதமும் இருந்தது.

ஆள் கெட்டிக்காரர். சர்வேக்காரர்கள் நிலத்தை 40 ஏக்கர் சதுரங்களாகப் பிரித்திருந்தார்கள். இவர் மூன்று சதுரங்களை வரிசையாகவும், நடுச் சதுரத்தின் தலையில் நாலாவதையும் எடுத்தார். வரைந்து பாருங்கள், தலைகீழாக நிற்கும் ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். கப் கிரீக் என்ற ஓடையும் அதன் கரை மரங்களும் அந்த எல்லைக்குள் வருகின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் புல்லாக இருக்கும் சீமையில் தண்ணீரும் விறகும் உள்ள இடம் என்றால் சும்மாவா?

இனி குடும்பத்துக்கு வருகிறேன். முதல் மனைவி எலிசபெத் இறந்துவிட்டார். தம்பி ஜேம்ஸுக்கு ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையில் உள்ள லெக்ளேர் ஊரில், ஆக்னஸ் சூட்டர் என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். தம்பி போரில் இறந்துபோனார். அண்ணன் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்திலேயே கல்யாணம் கேட்டார். 1865-ல் திருமணம் நடந்தது. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெண், ஆறும் படகும் உள்ள ஊரை விட்டு, தன்னைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவரை நம்பி அந்தப் புல்வெளிக்குப் போயிருக்கிறாள். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அந்த வீட்டைக் குடியிருக்கும் வீடாக்கியது யார் என்று நமக்குத் தெரியாதா என்ன?

1868-ல் இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் காகிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாதி மரக்கட்டை, பாதி பலகை, 14-க்கு 20 அடியில் வீடு. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். உழுது வேலி போட்டது சுமார் 35 ஏக்கர். 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, தொழுவம், சோளக் களஞ்சியம். ஆப்பிள் மரம் 40, பீச் மரம் சுமார் 400. ஐந்து வருஷத்தில் இவ்வளவு! இது எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அந்தச் சட்டப்படி மனுக் கொடுத்தவர்களில் பத்துக்கு நாலு பேர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்துப் பட்டா வாங்கினார்கள். மற்றவர்களை வறட்சியும் வெட்டுக்கிளியும் கடனும் துரத்திவிட்டன.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன்.

நிலத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் 1872-ல் செங்கல்லில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஃப்ரீமன் வீட்டுப் பிள்ளைகள் படித்தது அங்கேதான். 1899-ல் அங்கே எடித் பீச்சர் என்ற ஆசிரியை, காலையில் பாடம் தொடங்குமுன் பைபிள் வாசிப்பது, ஜெபம் செய்வது, கீர்த்தனை பாடுவது என்று வழக்கம் வைத்திருந்தார். ஃப்ரீமன் நேரே போய், இதை நிறுத்துங்கள் என்றார். நிர்வாகக் குழுவின் அனுமதியோடுதான் செய்கிறேன் என்றார் ஆசிரியை. குழுவிடம் போனார். அவர்கள் ஆசிரியை பக்கம் நின்றார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. விடவில்லை, மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே, பைபிள் வாசித்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். பள்ளியில் வாசித்தது கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, அது புராட்டஸ்டன்ட் மக்களுடையது. கத்தோலிக்கர் அதை ஏற்கமாட்டார்கள். பாட்டும் ஜெபமும் ஒரு சபைக்குப் பிடித்தது இன்னொரு சபைக்கு ஆகாது. எதையும் நம்பாதவர்களும் வரி கட்டுகிறார்கள்.

1902-ல் தீர்ப்பு வந்தது. ஃப்ரீமன் ஜெயித்தார். அரசுப் பள்ளியில் ஒரு பிரிவின் மத போதனை கூடாது என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது, இங்கே நடந்தது அதுதான் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷம் ஒரு விளக்கமும் தந்தது: பைபிள் என்ற புத்தகமே பள்ளிக்குள் நுழையக் கூடாது என்பதல்ல, அதை வைத்து வழிபாடோ போதனையோ நடத்துவதுதான் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி ஜெபத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது 1962-லும் 1963-லும்தான். அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு கிராமத்துக் கிழவர் அந்த வழக்கைப் போட்டு முடித்துவிட்டார்.

அந்த ஆசிரியையைக் கெட்டவராக நான் பார்க்கவில்லை. காலையில் ஒரு பாட்டோடு தொடங்கினால் பிள்ளைகள் அடங்கி உட்காருவார்கள் என்பது சாக்பீஸ் பிடித்த எல்லோருக்கும் தெரியும். அவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனாலும் இந்த வழக்கில் நான் ஃப்ரீமன் கட்சி. வகுப்பில் நாற்பது பேர் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிற ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் அந்த பெஞ்சில் சம உரிமை உண்டு. போன வாரம் என் கருத்தைக் கேட்டவர்களே, இதுதான் என் கருத்து. கோபித்துக்கொள்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.

ஊரே ஒரு பக்கம் நிற்க இவர் ஒருவர் மறுபக்கம் நின்றபோது, ஆக்னஸ் அம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பார் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

ஃப்ரீமன் 1908 டிசம்பரில் இறந்தார். ஆக்னஸ் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1931-ல் போனார். இருவரையும் அந்த நிலத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1936-ல் அரசு அந்த இடத்தை நினைவிடமாக்கியது. பீட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பாடுபட்டு உழுத மண்ணில் இப்போது உழவு கிடையாது. பழைய உயரப் புல்லையே மறுபடி விதைத்து வளர்த்திருக்கிறார்கள். தெற்கு எல்லையில் அவர் நட்ட ஓசேஜ் ஆரஞ்சு முள்வேலி இருக்கிறது, நம் ஊர்க் கிளுவை வேலி மாதிரி உயிர்வேலி. பள்ளிக்கூடத்தில் 1967 வரை பாடம் நடந்திருக்கிறது, கட்டடம் இன்னும் நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், எனக்கு அந்த வகுப்பறையையும் வேலியையும் படம் எடுத்து அனுப்புங்கள்.