திரும்பி வந்தவன் வீட்டில்

வாலுத்தனம் செய்யும் பிள்ளையைக் 'கேடிப் பயலே' என்று செல்லமாகத் திட்டாத வீடு நம் பக்கத்தில் குறைவு. 'கேடு' என்பதிலிருந்து வந்த சொல் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். காவல் நிலையங்களில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று தலைப்பிட்ட பதிவேடு ஒன்று இருந்தது. அதன் முதலெழுத்துகள்தாம் கே, டி. சிறையிலிருந்து வெளிவந்தவன் ஊர் எல்லையை மிதிப்பதற்குள் அவன் பெயர் அதில் ஏறிவிட்டிருக்கும்.

விடுதலையானவர்கள் ஏன் மறுபடியும் குற்றத்துக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்குச் சகவாசம், குடி, பழக்கதோஷம் என்று பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாமே அவனைப் பற்றியவை. அவன் திரும்பி வந்த வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அடங்கியிருந்த பழைய திருச்சி மாவட்டத்துக் குறவர்களை வைத்து அந்த வீட்டைப் பார்க்கலாம்.

கடற்கரை உப்பைக் கழுதைகளிலும் மாடுகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள் உப்புக் குறவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது, பின்னால் ரயில் வந்தது, பிழைப்பு போனது. காட்டுச் சட்டங்கள் மூங்கிலையும் பறித்தன. இந்தச் சரிவை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். யாருமே திருடவில்லை என்று நான் வாதாட வரவில்லை. சிலர் திருடினார்கள். ஆனால் 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தபோது, திருடியவர் திருடாதவர் என்ற வேறுபாடே தேவையற்றுப்போனது. பிறப்பே போதுமானதாக இருந்தது.

அச்சட்டத்தின்கீழ் பதிவானவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். சில இடங்களில் இரவில் காவல் நிலையத்திலேயே படுக்க வேண்டும். அறுவடைக் கூலிக்குப் போகிறவர் கதிர் முற்றிய ஊரில்தானே தங்க முடியும்? வேலை தேடிப் போனால் சட்டமீறல், போகாவிட்டால் பட்டினி. முன்பே தண்டனை பெற்றவர் பட்டியலிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை சிக்கினால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, மூன்றாம் முறை ஆயுள்கால நாடுகடத்தல். நீதிபதி தனிக் காரணம் எழுதினால்தான் விலக்கு. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவன் என்ற ஆளை இந்தச் சட்டமே பாதி உண்டாக்கியது.

அவன் உள்ளே இருந்த ஆண்டுகளில் அடுப்பு எரிந்தது அவள் உழைப்பில். கூடை முடைந்தாள், பச்சை குத்தினாள், குறி சொன்னாள். எல்லாமே தெருத்தெருவாக நடந்து செய்யும் தொழில். 1892இல் குற்ற வகுப்பார் பற்றிக் கையேடு எழுதிய போலீஸ் அதிகாரி மல்லாலியும் அவரைப் போன்றவர்களும் அந்த நடையையே வேவு என்றார்கள்: குறி சொல்லும் சாக்கில் வீட்டை நோட்டம் பார்க்கிறாளாம். அவளுடைய ஒரே வருமானம் அவன்மீதான சந்தேகத்துக்குச் சான்றாகிவிட்டது.

1909இல் தர்ஸ்டன் தொகுத்த நூலில், கணவன் சிறையிலிருக்கும்போது குறவர் பெண் வேறொருவனோடு வாழ்வாள், அவன் வந்ததும் இடையில் பிறந்த பிள்ளைகளோடு அவனிடம் திரும்புவாள் என்ற செய்தி வருகிறது. ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகவே இதைப் பலரும் வாசித்தார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆள் இல்லாத வீட்டைக் குலையாமல் காக்க ஒரு சமூகம் கண்டுபிடித்த ஏற்பாடு அது. வந்தவனுக்கு வாசல் திறந்திருந்தது, பிள்ளைகளும் தள்ளப்படவில்லை. அரசோ ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்கும் அதிகாரத்தைச் சட்டத்திலேயே வைத்திருந்தது. குடும்பத்தைக் குலைத்தது யார்?

மதராஸில் 1947இல் அச்சட்டம் நீங்கியது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான நீக்கம் 1952 ஆகஸ்ட் 31இல்.

1993 மார்ச்சில் வெள்ளாற்றுக்கு வடக்கே, விருத்தாசலம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் நகை காணாமல்போனது. அறுவடை வேலைக்கு வந்திருந்த குறவரான ராஜாகண்ணுவைத் தேடினார்கள். அவர் கிடைக்கும்வரை மனைவி பார்வதியையும் உறவினர்களையும் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். ஆண் கிடைக்காவிட்டால் பெண்ணைப் பிடி என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த விதி. பிடிபட்ட ராஜாகண்ணு தப்பியோடிவிட்டார் என்றது போலீஸ். அவர் உடல் இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி அருகே கிடந்தது. பார்வதிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தியவர் வழக்கறிஞர் சந்துரு. போலீஸாரின் தண்டனை உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 2006 ஆனது. ('ஜெய் பீம்' படம் இந்தக் குடும்பத்தை இருளர் என்று காட்டியது. பெயர் மாற்றுவதில் நமக்கும் பழக்கம் இருக்கிறது.)

சாதியை வைத்து ஒருவரை வழக்கக் குற்றவாளி எனக் கருதும் சிறை விதிகள் செல்லாது என்ற தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வர 2024 அக்டோபர் 3 வரை ஆனது. அந்த வழக்கைத் தொடுத்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர்.

தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் திருச்சி, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு உரியதாக ஒரு வரி உண்டு: 'தொகமலைக் குறவர் அல்லது கேப்மாரி'. தெருச் சண்டையில் நாம் வீசும் அதே சொல். கல்லூரியில் சேர்வதற்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலக வரிசையில் நிற்கும் பெண், அந்தப் பெயரின் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும்.