விருந்து வருமுன்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் அப்பொருளிலும் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். புதியராய் வருவோர் விருந்து எனப்பட்டனர். பின்னர் அவர்க்கு இடும் உணவும் விருந்தாயிற்று. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனை இல்லறவியலில் அமைத்தார். விருந்தோம்புவதற்கு முதலில் இல்லம் வேண்டுமன்றோ? குடியிருக்கும் அறை குடியிருப்பவருக்கு உரியதன்று என்று சட்டம் வகுத்த ஓரிடத்தில், ஒரு மக்கட் கூட்டம் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு விருந்து பேணியது என்பதே இப்பேச்சின் பொருள். அவ்விடம் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள்.

பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என விரியும் இம்மலைகளில் முதலில் விளைந்தது கோப்பி. இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்டதும் மடூல்சீமைப் பகுதியிலேதான். கோப்பி அழிந்த மண்ணில் தேயிலை எழுந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே குடும்பங்கள் வந்தன. கோப்பிக் காலத்தில் ஆண்டுதோறும் வந்து திரும்பியோர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கை வேண்டுவது. ஆகவே வந்தவர் தங்கினர். தங்கியவர்க்கு வீடு வேண்டியிருந்தது.

தோட்டம் கொடுத்த வீட்டின் பெயர் லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. ஒவ்வோர் அறையையும் மக்கள் காம்பரா என்றனர். போர்த்துக்கீச மொழி வழியாக வந்த சொல் அது. ஏறக்குறையப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள அக்காம்பராவே சமையலறை, படுக்கையறை, பிள்ளை பெறும் அறை, பிணம் கிடத்தும் அறை. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். வரிசைக்குப் பொதுவாகத் தண்ணீர்ப் பீலி. இவ்வளவே வீடு.

இத்தகைய வீட்டில் விருந்தினர் வருகிறார் என்ற செய்தி எப்பொழுது கிடைக்கும்? கடிதம் போட்டு வருவோர் சிலரே. பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து உறவினர், ஞாயிறு பிற்பகலில் தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் தலை காட்டும்போதுதான் செய்தி. பாதை வளைந்து வளைந்து ஏறுவதால், கண்ணுக்குத் தெரிந்தவர் வாசலை அடையச் சற்று நேரம் செல்லும். லயத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடி வருவர். அந்தச் சிறுபொழுதிலே வீடு வீடாக வேண்டும்.

அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பாய்களும் கம்பளியும் சுருண்டு மூலைக்குப் போகும். அடுத்து, மழையில் நனைந்த படங்கும் கொழுந்துக் கூடையும் இஸ்தோப்புக்குப் போகும்; வேலையின் அடையாளம் விருந்தினர் கண்ணில் முதலிற் படலாகாது என்பது எண்ணம். கொடியில் தொங்கும் உடைகள் ஒரு மூட்டையாகும். அடுப்பு நனைந்த விறகால் புகைந்தால் அதனை அடக்கிக் கதவை அகலத் திறப்பர். மண் தரை சாணமிட்டு மெழுக நேரமிராது. தண்ணீர் தெளித்துப் பெருக்குவர். ஒரு பிள்ளை குடத்தோடு பீலிக்கு ஓடும். மற்றொன்று சீனிக்கும் கிண்ணத்துக்கும் அடுத்த காம்பராவுக்கு ஓடும். புளியும் சாம்பலும் தேய்த்த செம்பு முன்னுக்கு வரும். இறுதியில், துவைத்து வைத்த சேலையொன்று குறுக்கே கட்டப்படும். அச்சேலைக்கு இப்பால் கூடம், அப்பால் அடுக்களை. ஓரறை இரண்டறை ஆகிவிட்டது.

இதில் அடுத்த காம்பராவின் பங்கு பெரிது. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கும். ஆகவே ஒருத்தி பெருக்கத் தொடங்கினால் அண்டை வீட்டுக்காரியும் பெருக்குவாள். இரவில் விருந்தாளிப் பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான் படுப்பர், ஆண்களுக்கு இஸ்தோப்பு. ஒரு வீட்டு விருந்து அந்த வரிசைக்கே விருந்து. சாதி வேற்றுமை தோட்டத்தில் இல்லாமற் போயிற்று என்று கூற முடியாது. ஆயினும் பத்தடி அறையின் நெருக்கம், கடன் கொடுத்தும் வாங்கியும் வாழும் ஒரு பழக்கத்தை வளர்த்தது என்பதில் ஐயமில்லை.

லயத்தில் மற்றொரு துப்புரவும் நடந்தது. அதிகாரிகள் வருமுன் நடைபெறும் துப்புரவு அது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதியையும் குடியிருப்பின் சுகாதாரத்தையும் குறித்து 1912ஆம் ஆண்டிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிடலானார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும், வடிகால் வெட்டுவதும் நன்மையே. ஆனால் அந்தத் துப்புரவில் குடியிருப்பவர் பார்க்கப்படும் பொருளாக நின்றார். உறவினர் வரும்போதோ அவரே வரவேற்கும் தலைவராக நின்றார். துடைப்பம் ஒன்றேயாயினும், அதனை எடுத்த கையின் நிலை வேறு.

அவ்வாறு வரவேற்கும் உரிமைக்கும் வரம்பு இருந்தது. தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவின்றி நுழையும் வெளியாரை அத்துமீறியவர் எனத் தடுக்கலாம். தொழிலாளரின் நிலையைக் காண விரும்பிய கோ. நடேசையர், புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. விருந்தாகச் செல்ல முடியாதவர் வியாபாரியாகச் சென்றார். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்தினுள் செல்வதற்கெனத் தனிச்சட்டம் 1970ஆம் ஆண்டிலேதான் வந்தது.

பதுளைக்கு வந்த பெரும் விருந்தினருள் ஒருவர் காந்தியடிகள். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியிருந்தது; 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்த அவர் பதுளையிலும் உரையாற்றினார்.

லயத்துக் காம்பரா வீடா, வேலைக்காரர் தங்கும் கொட்டிலா? இக்கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. நாற்பதுகளில் கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில், வேலை நீக்கப்பட்ட பின்னும் அறையை விட்டு வெளியேறாத தொழிலாளர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. 1950இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளியது. தனக்குள்ள ஒரே வீட்டை இழக்காதிருக்கத் தங்கியவர், உரிமையாளருக்குத் தொல்லை தரும் நோக்கத்தோடு தங்கினார் என்று கொள்ளல் இயலாது என்பது அதன் கருத்தின் சாரம். செல்வநாயகம் வழக்கு எனச் சட்ட நூல்கள் குறிப்பது இதுவே. தரையைப் பெருக்கிப் பாயை விரித்த பெண்கள் நெடுங்காலம் சொல்லாமற் சொல்லிவந்ததை, இவ்வழக்கில் ஒரு மன்றமும் ஏற்றது.

ஆயினும் வழக்கு வென்ற காலத்திலேயே நாடு கைநழுவிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பின்னாண்டுகளில் பல காம்பராக்கள் கடைசி முறையாகப் பெருக்கப்பட்டன. வழியனுப்ப வந்த உறவினரே இறுதி விருந்தினர்.

எஞ்சியோரின் லயம் எஞ்சியது. 2014 அக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்த நிலமில்லாதவர் எங்கே பெயர்வது? இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்னும் கோரிக்கை சிலருக்குக் கைகூடிற்று; இன்றும் லயத்தில் வாழ்வோர் பலர்.

தோட்டத்து மக்களின் வரலாற்றை எழுதுவோர் ஏற்றுமதிக் கணக்கையும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் ஆராய்கின்றனர். அவற்றோடு, பாதையில் உறவினர் தலை தெரிந்ததும் துடைப்பத்தை எடுத்த கையையும் நினைத்தல் தகும். உறுதி எதுவும் கையில் இல்லாத காலத்திலும் இது என் வீடு, உள்ளே வாருங்கள் என்று அக்கை கூறியது. அந்தச் சொல்லுக்கு ஈடான காணி உறுதியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்குவது நாட்டின் கடமையாகும்.