கியாக்டடாவில் கேட்ட இரண்டு பாடல்கள்

போராட்டப் பாடல்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலகம் முழுக்கச் சுற்றிவர நேரமில்லை. யாங்கூனில் ஒரே ஒரு வட்டாரம், அதையொட்டி இரண்டு பாடல்கள், அவ்வளவுதான் நான் பேசப்போவது.

வட்டாரத்தின் பெயர் கியாக்டடா. ஜார்ஜ் ஆர்வெல் தன் பர்மா நாவலின் கற்பனை ஊருக்கு வைத்த பெயரும் இதுதான். நிஜமான கியாக்டடா ரங்கூனின் நடுப்பகுதி. சூலே பகோடா, மாநகராட்சிக் கட்டடம், மகாபந்துலா பூங்கா எல்லாம் அங்கேதான். தெற்கே நடந்தால் ஸ்ட்ராண்ட் சாலையும் துறைமுகமும். மேற்கே கொஞ்சம் தள்ளி, நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் ஏறத்தாழ 4 லட்சம் பேர். பாதிக்கும் மேல் இந்தியர்கள். என் தாத்தாவும் அதில் ஒருவர்.

1930 மே மாதம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். செய்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் தொழிலாளர்கள். முதலாளிகள் அவர்களுடைய இடத்தில் பர்மியர்களைச் சேர்த்தார்கள். சமரசம் ஆனதும் அந்தப் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். கலவரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அந்தச் சூட்டில்தான் 'தோபமா' இயக்கம் பிறந்தது. சாயா டின் அதற்கு ஒரு பாடல் எழுதினார். அதே ஆண்டு ஷ்வேடகோன் பகோடாவில் அது அரங்கேறியது. வெள்ளையனை எதிர்த்த பாட்டு. பின்னால் சொற்களை மாற்றி, நாட்டின் தேசிய கீதமே ஆக்கினார்கள்.

தோபமா என்பதைத் தமிழில் சொல்லும்போது எனக்கு ஒரு சிக்கல். நாம் பர்மியர் என்பதா, நாங்கள் பர்மியர் என்பதா? பர்மிய மொழிக்கு அந்தக் கவலை இல்லை. தாத்தாவுக்கு அது 'நாங்கள்'தான். 1942இல் ஜப்பான் குண்டு விழுந்தபோது அரக்கான் வழியாக நடந்தே ஊர் திரும்பினார். அவருடைய தங்கை அங்கேயே தங்கிவிட்டார்.

இரண்டாவது பாடல் 1988இல் வந்தது. ஆகஸ்ட் 8 நள்ளிரவை ஒட்டி, சூலே அருகே கூடியிருந்த கூட்டத்தின் மீது ராணுவம் சுட்டது. அந்த எழுச்சியின்போது நைங் மியன்மார் என்ற இளைஞர் 'கபா மக்யே பூ' எழுதினார். உலகம் அழியும்வரை எங்கள் மனம் ஆறாது என்று பொருள் கொள்ளலாம். மெட்டு கான்சஸ் என்ற அமெரிக்க ராக் குழுவுடையது. 1977இல் வந்த ஒரு சோகப் பாட்டு. கேசட்டில் கைமாறிப் பரவியது. இரவல் மெட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் காதில் ஏற்கெனவே இருந்த மெட்டு, கற்றுக்கொள்ளவே வேண்டியதில்லை. ஆனால் வரிகளைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டு கூப்பிட்டு முறையிடுவது ஆங் சானையும், தோபமாவின் மூத்த கவி தக்கின் கொடோ மைங்கையும். பழைய பாட்டின் வாரிசுதான் இது.

2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அதே பாட்டு சூலேயைச் சுற்றி மறுபடி ஒலித்தது. இரவு 8 மணிக்கு வீடுவீடாகச் சட்டி பானை தட்டினார்கள். ரோஹிங்கியாக்களுக்கு நடந்தபோது பேசாமல் இருந்துவிட்டோம் என்று இளைஞர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அப்போதுதான். 1930இன் பாட்டுக்குள் அந்த மன்னிப்புக்கு இடம் இருந்திருக்காது.

அந்த நாட்களில் ஒரு இரவு, தாத்தாவின் தங்கை பேத்தி எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். பின்னால் தட்டுச் சத்தம், முன்னால் அவள் குரல், பர்மிய மொழியில். கூடவே தமிழில் ஒரு வரி: "எங்க பாட்டு, கேளுங்கண்ணா."

நம்ம பாட்டு என்று அவள் எழுதவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.